முத்தசந்திரம் நிறுத்தத்தில் நிற்போர் தொகை

முத்தசந்திரத்தில் பஸ் நிறுத்தம் உண்டு, பஸ் கிடையாது. இரும்புக் கம்பம், அதன் தலையில் தகரப் பலகை, பலகையில் 21 என்கிற எண். கொரோனா வந்தபோது அந்தப் பஸ்ஸை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது. பஸ்ஸுக்கு மட்டும் இன்னும் குணமாகவில்லை.

அதனால் நாராயணம்மா தினமும் விடிகாலை நாலே காலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்றரைக் கிலோமீட்டர் நடப்பாள். உத்தனப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கூட்டு ரோடு. அங்கே ஐந்து பத்துக்கு ஓசூர் பஸ். அதைப் பிடித்தால் ஐந்தே முக்காலுக்கு ஓசூர், ஆறு மணிக்கு ஃபாக்டரி கேட்டில் கார்டு. சின்னச் சின்ன மின்சாரச் சாமான் செய்கிற ஃபாக்டரி. அவளுக்கு அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை, கான்ட்ராக்டில். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருஷக் கணக்கு; அதில் மூன்று லேட் ஆனால் மறுநாள் முதல் கேட்டுக்கு வெளியேதான் என்பது சட்டம். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே அவளுக்கு இரண்டு லேட் ஆகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் யானை.

கேழ்வரகு கதிர் முற்றினால் கர்நாடகா காட்டிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் வந்துவிடும். யாரையும் கேட்டுக்கொண்டு வராது. முதல் தடவை லேட் ஆனபோது எச்.ஆர். பாலாஜி சார், "யானை நின்னுச்சின்னு யானைகிட்ட லெட்டர் வாங்கியாங்க" என்றார். இரண்டாம் தடவை அவள் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா இது, எல்லாம் கருப்பா இருக்குது?"

"யானை கருப்பாத்தான் சார் இருக்கும்."

அதற்கும் லேட்தான் போட்டார். பாக்கி ஒன்று.

நாராயணம்மா நாற்பத்து நாலு வயசு வரை எந்த ஆபீஸ் படியும் ஏறியவள் இல்லை. ஏறினாள். டெப்போவில் போய்க் கேட்டால், "பஸ் விடறது இப்ப நாங்க இல்லம்மா, குழுமம் வந்திருச்சி. அவங்க தேவைன்னு எழுதித் தரணும்" என்றார்கள்.

குழுமம் என்றால் ஓசூர் வட்டார ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டக் குழுமம். மூன்றாவது மாடி. ஜனங்களை நகர்த்துவதற்காகவே ஏற்பட்ட ஆபீஸ். அதன் லிப்ட் மட்டும் நகராது. திட்ட அலுவலர் சௌந்தரராஜன் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"குழுமத்துக்குன்னு சொந்தமா பஸ் கிடையாதும்மா. ரோடும் கிடையாது. பஸ் கார்ப்பரேஷன்து, உங்க ஊர் ரோடு யூனியன்து, கூட்டு ரோடு நெடுஞ்சாலைத்துறைது, பர்மிட் ஆர்.டி.ஓ.து. தனித்தனியா அவங்க எடுக்கற முடிவு ஒண்ணுக்கொண்ணு இடிக்கக்கூடாது பாருங்க, அதுக்காக எல்லாரையும் ஒரே மேஜையில உட்கார வைக்கறதுதான் எங்க வேலை."

"உட்கார்ந்தாங்களா சார்?"

"உட்கார்ந்தாங்க. ரோடு அகலமானா பஸ் விடறோம்னாங்க கார்ப்பரேஷன். பஸ் வந்தா ரோடு அகலம் பண்றோம்னாங்க யூனியன். ரெண்டும் ஆனா பர்மிட்டுன்னாங்க ஆர்.டி.ஓ."

"அப்பறம்?"

"அப்பறம் டீ வந்திருச்சி."

சௌந்தரராஜன் சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "முதல்ல தேவை இருக்குதான்னு பாக்கணும். நிறுத்தத்துல எத்தனை பேர் நிக்கறாங்கன்னு எண்ண ஆள் அனுப்பறேன்."

அனுப்பினார். குருமூர்த்தி என்று ஒரு கணக்கெடுப்பாளர். மடக்கு நாற்காலி, குடை, தண்ணீர் பாட்டில் சகிதம் வந்து இறங்கி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை கம்பத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். நாராயணம்மா அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தாள். பதினைந்து நாளில் அறிக்கை வந்தது. நிறுத்தத்தில் காத்திருந்தோர் தொகை: பூஜ்யம். தேவை: இல்லை.

நாராயணம்மா மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள்.

"பஸ்ஸே வராத எடத்துல எவன் சார் வந்து நிப்பான்?"

"நீங்க கேக்கறது எனக்குப் புரியுதும்மா. ஆனா நிக்கறவங்களைத்தானே எண்ண முடியும்? நிக்காதவங்களை எப்படி எண்ணறது?"

"அப்ப நின்னா பஸ் வருமா?"

"நின்னா எண்ணுவோம். எண்ணினா கூட்டத்துல வைப்போம்."

மறு எண்ணிக்கைக்கு ஒரு மனு, அதற்கு ஒரு ரசீது, கார்த்திகை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். நாராயணம்மா ஊருக்குள் வந்து வீடு வீடாகச் சொன்னாள். "அன்னிக்கி ஒருத்தர் கூட வீட்ல இருக்கக்கூடாது. கம்பத்துக்கு வந்து நில்லுங்க."

பக்கத்து வீட்டு கெம்பம்மாவுக்கு ஐம்பது வயசு. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவள். எதையும் நேராகக் கேட்பாள். "ஏ நாராயணி, நின்னா என்னா குடுப்பாங்க?"

"பஸ் குடுப்பாங்க."

"எங்க மாமியார் நடக்கறதே இல்ல, அவங்களையும் எண்ணுவாங்களா?"

"கட்டிலோட தூக்கியாந்து வையி."

குருமூர்த்தி இந்தத் தடவை நாலரைக்கே வந்தார். வந்தவருக்கு நாற்காலி போட இடமில்லை. முத்தசந்திரத்தின் மொத்த ஜனமும் இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் நின்றது. கட்டிலும் வந்தது. மூன்றாம் வீட்டில் காதுகுத்து. அதற்கு வந்த உறவுக்காரர்கள் எழுபது பேரும் காப்பி டம்ளரோடு வந்து நின்றார்கள். வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களைக் குருமூர்த்தி ஒவ்வொரு தடவையும் புதிதாக எண்ணினார். ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணக்கூடாது என்று படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் படிவத்தைத் தாண்டி ஒன்றும் செய்கிறவர் இல்லை. மாலை ஆறு மணிக்குத் தொகை ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு.

அதோடு விட்டிருந்தால் பஸ் வந்திருக்கும். ஆனால் அன்று காலை ஐந்தரைக்கே யானையும் வந்திருந்தது.

பதினாலு. பெரியது ஒன்பது, சின்னது ஐந்து. இத்தனை ஜனம் விடியற்காலையில் எதற்காக நிற்கிறது என்று அவற்றுக்கும் ஒரு சந்தேகம் போல. கம்பத்துக்கு நூறடி தள்ளி ரோட்டை அடைத்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்று பார்த்தன. ஜனம் கலைந்து மாடிகளில் ஏறியது. குருமூர்த்தி மட்டும் தண்ணீர் தொட்டி மேல் ஏறி, பேனாவை விடாமல், யானைகளையும் எண்ணினார். இந்தத் தடவை ரோட்டில் நகர்வதை எல்லாம் எண்ண வேண்டும் என்பது உத்தரவு. படிவத்தில் யானைக்குப் பத்தி இல்லை. அவர் யோசித்து, 'மெதுவாகச் செல்லும் கனரகம், பிற மாநிலம்' என்கிற பத்தியில் பதினாலு என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

குழுமத்தின் கூட்டம் தை மாசம் கூடியது. பொதுமக்கள் தரப்பில் ஒருவர் வரலாம் என்றார்கள். நாராயணம்மா பாலாஜி சாரிடம் ஒரு நாள் லீவுக்குக் கெஞ்சி, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். இன்றைக்கு பஸ் வந்தால் அந்த மூன்றாவது லேட் வராது.

முதல் ஒன்றரை மணி நேரம் போன கூட்டத்தில் என்ன பேசினோம் என்பதைப் பேசினார்கள். பிறகு ஒரு மணி நேரம் அப்படித்தான் பேசினோமா என்று பேசினார்கள். வடை வந்தது. அதன் பிறகு முத்தசந்திரம்.

ரோட்டில் போகிற எதையும் கார் கணக்குக்கு மாற்றித்தான் அளப்பார்கள். மோட்டார் சைக்கிள் அரைக் கார், லாரி மூன்று கார், மாட்டுவண்டி எட்டுக் கார். மெதுவாகப் போகிறது அதிக இடத்தை அடைக்கும் என்பது கணக்கு. அன்று பிரச்சினை, யானை எத்தனை கார் என்பது.

"மாட்டுவண்டி எட்டுன்னா யானை பன்னெண்டாவது இருக்கணும்" என்றார் நெடுஞ்சாலைத்துறை.

"அது வண்டி இல்லீங்களே" என்றார் போலீஸ்.

"வண்டியை அடிச்சா ஓட்டினவன் மேல கேஸ். இதை என்னா பண்ணுவீங்க?" என்றார் ஆர்.டி.ஓ.

"அது வேற விஷயம்."

"குட்டிக்கு அரை டிக்கெட்டா?" என்று கார்ப்பரேஷன்காரர் உண்மையாகவே கேட்டார்.

எல்லையில் இருக்கிற ஊர் என்பதால் கர்நாடகா பக்கத்திலிருந்தும் ஒரு பார்வையாளர் வருவார். நாலு வருஷமாக வருகிறார். டீ குடித்துவிட்டுப் போவார். அவர் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. அன்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனெ நம்து" என்றார். யானை எங்களுடையது. நாராயணம்மாவுக்குக் கன்னடம் வீட்டுப் பேச்சு மாதிரி; சட்டென்று புரிந்தது. மற்றவர்கள் புரிந்துகொண்டதும் கோப்புகளைப் புரட்டினார்கள். கர்நாடகாவுடைய யானை என்றால் இது மாநிலங்களுக்கு இடையேயான போக்குவரத்து.

பதினாலு யானை, யானைக்குப் பன்னிரண்டு, நூற்று அறுபத்தெட்டுக் கார். அதுவும் இருபது நிமிஷத்தில். மணிக்கு என்று பார்த்தால் ஐந்நூற்று நாலு. அதன் மேல் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு ஜனம். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நெரிசலுக்கு பஸ் எப்படிய்யா போதும்?"

போதாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். குழுமம் ஏற்பட்ட நாள் முதல் எல்லாரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். முத்தசந்திரத்துக்கு மேம்பால ரயில் விடலாமா என்று பதினெட்டு மாசம் ஆய்வு செய்வதென்றும், ஆய்வு முடியும் வரை பஸ் கோரிக்கையை நிறுத்தி வைப்பதென்றும் தீர்மானம் ஆயிற்று.

நாராயணம்மா எழுந்து நின்றாள். "சார், ரயில் எந்துக்கு சார்? ஒரு ஓட்டை பஸ் போதும். ஜன்னல் இல்லன்னா கூட பரவால்ல. காலையில ஒரு நடை."

தலைவர் மிகவும் பிரியமாக அவளைப் பார்த்தார். "உங்க தேவை எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியலம்மா."

அன்றைக்குப் படி இறங்கும்போது அவள் வாயில் வந்ததை எல்லாம் மூன்றாவது மாடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். கன்னடத்தில் கொஞ்சம், தெலுங்கில் நிறைய. தமிழில் சொன்னது கீழே வாட்ச்மேனுக்குக் கேட்டது.

ஊரில் கெம்பம்மா கேட்டாள். "பஸ் எங்கடி?"

"ரயில் வருதாம்."

"எப்ப?"

"நீயும் நானும் போட்டோவுல தொங்கறப்ப."

மாசி மாசம் ஆய்வு ஆரம்பித்தது. தினமும் விடிகாலை நாலே முக்காலுக்கு இருபத்தாறு சீட் வேன் ஒன்று ஓசூரிலிருந்து வரும். குருமூர்த்தியும் இன்னும் மூன்று பேரும் கம்பத்தடியில் இறங்கி, போகிறவர் வருகிறவரிடம் எங்கே, எதற்கு என்று கேட்டு எழுதுவார்கள். ஐந்து ஐந்துக்கு வேன் காலியாகத் திரும்பி ஓசூர் போகும், பகலில் எண்ணுகிற பட்டாளத்தை ஏற்றிவர. நாராயணம்மா நாலே காலுக்கே கிளம்பிவிடுகிறவள் என்பதால் அந்த வேன் பாதி வழியில் அவளுக்கு எதிரே வந்து, கண்ணில் வெளிச்சத்தை அடித்துவிட்டுப் போகும். இருபத்தாறு சீட், நாலு தலை. பத்து நாள் பார்த்தாள். பத்து நாளும் பல்லைக் கடித்தாள்.

பதினோராம் நாள், காட்டுக்குத் திரும்பிப் போகாமல் மிச்சமிருந்த ஒற்றைக் கொம்பன் யானை பாதி வழியில் நின்றது. அவள் ஒரு புளிய மரத்துக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்று பார்த்தாள். அது நகர்கிற மாதிரி தெரியவில்லை. திரும்பி ஊருக்கே ஓடி வந்தாள். மணி ஐந்து நாலு. கூட்டு ரோட்டு பஸ் போச்சு. மூன்றாவது லேட். கம்பத்தடியில் வேன் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் திம்மராயன், இரண்டு ஊர் தள்ளி இருக்கிறவர்.

"அண்ணா, ஓசூர்தானே போறீங்க, என்னை ஏத்திக்கோங்க."

"அரசாங்க வண்டிம்மா. வெளியாளுங்க ஏறக்கூடாது. யானைக்கு நானும் ஏரி பக்கமா சுத்தித்தான் வந்தேன், சுத்தித்தான் போவணும், அதுவேற கவலை."

அதற்குள் குருமூர்த்தி படிவத்தோடு அவள் எதிரில் வந்து நின்றார். "பேரு? எங்கிருந்து புறப்படறீங்க? எங்க போறீங்க? எதுக்குப் போறீங்க?"

"ஃபாக்டரிக்குப் போறேன் சார். வேலைக்குப் போறேன். எழுதிக்கோங்க, வழி விடுங்க."

"கடைசியா ஒண்ணு." அவர் பேனாவால் ஒரு கட்டத்தைத் தட்டினார். "சேருமிடம் சரிபார்க்கப்பட்டதான்னு ஒரு பத்தி இருக்குது. பத்து நாளா எல்லாருக்கும் காலியாத்தான் விடறேன். மேல கேக்கறாங்க."

நாராயணம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள்.

"நான் ஃபாக்டரிக்குத்தான் போறேன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நீங்க சொல்றீங்க."

"நான் பொய் சொல்றேன். சினிமாவுக்குப் போறேன். இப்ப என்னா பண்ணுவீங்க?"

குருமூர்த்தியின் முகம் வாடிவிட்டது. பத்து நாள் உழைப்பு.

"கூட்டிட்டுப் போயி எங்க எறங்கறேன்னு பாருங்க. அப்பத்தானே சரிபார்த்ததா ஆவும்?"

அவர் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தார். ஆளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. திம்மராயன் கதவைத் திறந்தார். ஏரிக்கரைப் பாதையில் வேன் குதித்துக் குதித்துப் போய், ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஃபாக்டரி கேட்டில் நின்றது. அவள் கார்டு வைத்தபோது மெஷின் ஐந்து ஐம்பத்தொன்பது காட்டியது. குருமூர்த்தி ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். ஆய்வின் முதல் டிக். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாகத் திம்மராயன் இன்றைக்கும் சொல்கிறார்.

மறுநாள் ஏழு பேர் சரிபார்க்கப்பட்டார்கள். ஒரு வாரத்தில் இருபத்தாறு. அதில் கெம்பம்மாவும் உண்டு. அவள் போக வேண்டிய ராயக்கோட்டை எதிர்த் திசையில் இருந்தது. வேன் கூட்டு ரோடு வரை போவதால் அதுவரை சரிபார்க்கப்பட்டாள். யானை இருந்தால் ஏரிக்கரை, இல்லாவிட்டால் நேர் ரோடு. திரும்பி வருவது பகலில்; நடந்தால் கால்தான் வலிக்கும், வேலை போகாது. அந்த வருஷம் நாராயணம்மாவின் லேட் இரண்டோடு நின்றது. மூன்றாம் மாடியில் சௌந்தரராஜன் சாருக்கும் சந்தோஷம். சேருமிடம் இத்தனை சுத்தமாகச் சரிபார்த்த ஆய்வு எந்த வட்டாரத்திலும் இல்லையாம்.

அடுத்த வருஷம் ஆடியில் அவரே ஊருக்கு வந்தார். நிறுத்தத்தில் நின்று, எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"உங்க ஒத்துழைப்பை மறக்க மாட்டோம். ஆய்வு முடியப் போவுது. தினமும் அதே இருபத்தாறு பேர், அதே எடம். கணக்கு படிஞ்சிருச்சி. இனிமே எண்ண வேண்டியதில்ல. அடுத்த மாசத்தோட வேனை நிறுத்திடுவோம்."

அன்று சாயங்காலம் நாராயணம்மா மற்ற இருபத்தைந்து பேரையும் கம்பத்தடியில் கூட்டினாள். "கணக்கு படிஞ்சா வேன் நிக்குதாம். அப்ப படியக்கூடாது."

மறுநாள் குருமூர்த்தி, "எங்க போறீங்க?" என்றபோது கெம்பம்மா, "திருப்பதிக்கு" என்றாள். பயணத்தின் நோக்கம் என்கிற கட்டத்தில், "மொட்டை" என்று எழுதச் சொன்னாள். அடுத்த நாள் இருபத்தாறுக்கு ஒன்பது பேர்தான் கம்பத்தடியில் நின்றார்கள். மிச்சப் பேர் அடுத்த வளைவில் ஏறிக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் நாற்பத்தொன்று. கட்டில் மறுபடி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அத்தனை பேரும் தர்மபுரிக்குப் போவதாகச் சொல்லி, அத்தனை பேரும் ஃபாக்டரி கேட்டில் இறங்கினார்கள். குருமூர்த்தி சொன்ன இடம் ஒரு பத்தியிலும் இறங்கிய இடம் ஒரு பத்தியிலும் எழுதி, இரண்டுக்கும் நடுவில் பெரிய கேள்விக்குறி போட்டார். குழுமம் கூடிப் பேசி, இந்த ஊர் ஜனத்தின் போக்குவரத்துப் பழக்கம் ஆழமாக ஆராயத் தக்கது என்று ஆய்வைப் பன்னிரண்டு மாசம் நீட்டித்தது. பிறகு இன்னொரு பன்னிரண்டு.

போன பங்குனியில்தான் அந்தக் கடுதாசி வந்தது. நீட்டித்தது நீட்டித்தபடி இருக்க, புதிதாக வந்த தலைவர் பழைய கோப்புக் கட்டுகளைத் தூசி தட்டியிருக்கிறார். அடியில் நாராயணம்மாவின் முதல் மனு. முத்தசந்திரத்துக்கு பஸ் அனுமதிக்கப்படுகிறது, எண் 21, தினம் ஒரு நடை, புறப்படும் நேரம் காலை ஒன்பது நாற்பது. பஸ் ஓடத் தொடங்கும் நாளில் ஆய்வு தானாக முடிந்துவிடும். ஆட்சேபணை இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் எழுதலாம்.

"ஒம்போது நாப்பதுக்கு யாருடி ஃபாக்டரிக்குப் போறா?" என்றாள் கெம்பம்மா.

"மேனேஜர் கூட அப்ப உள்ளதான் இருப்பான்" என்றாள் நாராயணம்மா.

நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம்தான். அதற்கு மனு, மனுவுக்கு ரசீது, ரசீதுக்கு எண்ணிக்கை. எண்ணி முடிப்பதற்குள் வேன் போய்விடும். நாராயணம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டுப் பேப்பர் ஒன்றைக் கிழித்தாள்.

'அய்யா, எங்கள் ஊருக்கு பஸ் விடும் முடிவை வன்மையாக ஆட்சேபிக்கிறோம். எங்கள் தேவை எவ்வளவு பெரியது என்று எங்களுக்கே இன்னும் தெரியவில்லை. அது முழுசாக ஆராயப்படும் வரை பஸ்ஸை நிறுத்தி வைக்க வேண்டுகிறோம்.' கீழே இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, அதில் கட்டிலில் இருந்தபடி வைத்த கைநாட்டு ஒன்று.

தானே கொண்டுபோய் மூன்றாம் மாடியில் கொடுத்தாள். சௌந்தரராஜன் படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார். நாலு வருஷத்துக்கு முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பஸ்ஸுக்காகச் சண்டை போட்டவள்.

"பஸ் வேணாங்கறீங்களா?"

"அவசரம் இல்ல சார்."

அவர் முத்திரையை எடுத்து, 'பெறப்பட்டது, குழுமத்தின் பரிசீலனைக்கு' என்று குத்தினார். குத்தும்போது அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, கொட்டாவியா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பரிசீலனை இன்னும் நடக்கிறது, அதனால் ஆய்வும்.

இன்று காலையும் நாலே முக்காலுக்கு வேன் வந்தது. பனி. குருமூர்த்திக்கு முன்தலை நரைத்துவிட்டது. நாலு வருஷமாகத் தினமும் கேட்கிற கேள்வியைப் புதிதாகக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"எங்கம்மா போறீங்க?"

நாராயணம்மா சாப்பாட்டுப் பையோடு ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியல சார். வண்டியை எடுக்கச் சொல்லுங்க, போய்ப் பாப்போம்."